அலுமினியச் சில்லும் அதன் மேற்றோலும்



பித்தளைப் பாத்திரத்தைச் சாம்பலிட்டுத் துலக்கிய அதே கையால் அலுமினியப் பானையையும் துலக்கிவிட்டு, அது கறுத்துப் போனதைக் கண்டு திகைத்த அனுபவம் நம் தாய்மாருள் பலருக்கு உண்டு. பித்தளைக்கு ஏற்றது அலுமினியத்துக்கு ஏற்பதில்லை. சாம்பலிலுள்ள காரம் அலுமினியத்தின் மேற்பரப்பை அரித்துவிடுகின்றது. அடுக்களையில் அந்த நட்டம் ஒரு பானையோடு போய்விடும். மோட்டார்க் காரின் சில்லில் அதே தவறு நேர்ந்தால் நட்டம் பெரிது. சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து. ஆகவேதான் அலுமினியச் சில்லுகளைத் துப்புரவு செய்வது பற்றியும், அவற்றின் பழுதடைந்த மேற்பூச்சைப் புதுப்பிப்பது பற்றியும் இன்று பேச எண்ணினேன்.

நமது நாட்டில் 2020 மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வந்திறங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஐந்தாண்டுகளில் இருந்த கார்களையே பேணி ஓட்டினோம். இன்றும் வீதியில் ஓடுவனவற்றுட் பல, யப்பானில் ஒருமுறை பயன்பட்டு இங்கு வந்தவை. நாம் ‘அலோய் வீல்’ என்று சொல்லும் சில்லுகளே அவற்றுட் பலவற்றிலும் உள்ளன. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில், உப்புக் காற்றும் ஈரமும் அவற்றை ஓயாது தாக்குகின்றன.

இச்சில்லுகள் புதியன அல்ல. 1924 ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்துக்குப் புகாட்டி நிறுவனம் தன் 35 ஆம் வகைக் காரை அலுமினிய வார்ப்புச் சில்லுகளுடனேயே கொணர்ந்தது. இன்றைய வார்ப்புச் சில்லுகளிற் பெரும்பாலானவை, அலுமினியத்துடன் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிலிக்கனும் சிறிதளவு மகனீசியமும் சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனவை. அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே ஒட்சிசனோடு சேர்ந்து தன்மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோலைப் போர்த்துக்கொள்கின்றது. அத்தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் உள்ளிருக்கும் உலோகத்துக்கு அதுவே காவல். கடும் அமிலமும் கடுங் காரமும் அதைக் கரைத்துவிடும். நாம் ‘அழுக்கு’ என்றெண்ணி அழிப்பது பல வேளைகளில் அந்தக் காவலைத்தான்.

எனவே துணியைக் கையில் எடுக்குமுன், நம் சில்லின் மேற்பரப்பு எத்தகையது என அறிந்துகொள்ள வேண்டும். சில சில்லுகள் முழுவதும் வர்ணம் பூசப்பெற்றவை. சில, முகப்பைக் கடைசல் இயந்திரத்திற் சீவி, அதன்மேல் நிறமற்ற லக்கர் பூசப்பெற்றவை. இவற்றை வெளிச்சத்திற் சரித்துப் பார்த்தால் இசைத்தட்டிற் காண்பதைப் போன்ற நுண்ணிய வட்டக் கோடுகள் தெரியும். சில, பூச்சே இன்றி வெறுமனே மினுக்கப்பட்டவை. ஐயமிருப்பின், மறைவான ஓரிடத்தில் உலோகம் மினுக்கும் பசையைச் சிறிது தடவித் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெற்று அலுமினியம். கறுக்காவிடின் மேலே பூச்சு உண்டு. பூச்சுள்ள சில்லை அப்பசையால் மினுக்குவோர், தாம் மினுக்குவது உலோகத்தையன்று, லக்கரைத்தான் என்பதை உணர்வதில்லை. நாளடைவில் லக்கர் தேய்ந்து, உப்புக் காற்றுக்கு வழி திறந்துவிடும்.

கழுவும் முறை எளிது. ஓடி வந்த சூட்டோடு கழுவலாகாது. நிழலில் நிறுத்தி ஆறவிடுக. முதலில் வெறுந் தண்ணீரால் மண்ணை ஓடச் செய்து, பின்னர் காருக்கெனச் செய்யப்பட்ட மென்மையான சவர்க்கார நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு ஒவ்வொரு சில்லாகக் கழுவுக. சில்லுக்கு ஒரு வாளி, காரின் உடலுக்கு வேறொரு வாளி இருத்தல் நன்று. கம்பித் தூரிகையும் உருக்குக் கம்பிப் பஞ்சும் வேண்டா. அவற்றின் இரும்புத் துகள் அலுமினியத்திற் பதிந்து பின்னர் துருவாக வெளிப்படும். சில்லிற் படியும் கபில நிறத் தூளும் பெரும்பாலும் அத்தகைய இரும்பே. பிறேக் தட்டும் பிறேக் கட்டையும் உராய்வதனால் அது உண்டாகின்றது. வெறும் சவர்க்காரத்துக்கு அது அசையாவிடின், இரும்புத் துகளை அகற்றவெனச் செய்யப்பட்ட திரவம் உண்டு. தெளித்தவுடன் ஊதா நிறமாக வழியும், நாற்றமும் பொல்லாதது. உலர விடாமற் கழுவிவிடுக.

ஆனால் பெயர்ச்சீட்டில்லாத போத்தலில், ‘ஒரு நிமிடத்தில் வெள்ளி போலாகும்’ என்று எவரேனும் ஒரு திரவத்தைத் தந்தால் அதைத் தொடாதீர்கள். சில்லு கழுவும் சில திரவங்களில் ஐதரோபுளோரிக்கு அமிலமோ அதைத் தரவல்ல உப்புக்களோ சேர்க்கப்படுகின்றன. ஏனைய அமிலங்களைப் போல் இது பட்டவுடன் எரிவதில்லை. வலி தோன்றச் சில மணி நேரங்கூடச் செல்லலாம். அதற்குள் தோலை ஊடுருவிச் சென்று, உடலிலுள்ள கல்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். போதிய அளவு உட்சென்றால் இதயமே நின்றுவிடக் கூடும். தப்பித் தவறிப் பட்டால், உடனே ஓடுந் தண்ணீரில் நன்கு கழுவி, வலியை எதிர்பார்த்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அந்தப் போத்தலின் பெயரையும் வைத்தியரிடம் மறவாது கூறுங்கள். பளபளப்புக்காக இத்தகைய ஆபத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவது எனக்குச் சற்றும் உடன்பாடன்று.

இனிப் புதுப்பித்தலுக்கு வருவோம். வீதியோரக் கல்லில் உரசி லக்கர் உடைந்த இடத்திலிருந்து, வெண்ணிறப் புழுக்கள் ஊர்ந்தாற் போன்ற கோடுகள் பூச்சின் அடியிற் பரவுவதைக் கண்டிருப்பீர்கள். உப்பும் ஈரமும் பூச்சின்கீழ் நுழைந்து அரித்துச் செல்லும் தடம் அது. மேலே வர்ணம் பூசி இதை மறைக்க இயலாது. சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டும். அரிப்புச் சென்ற தூரத்துக்கும் அப்பால் பழைய பூச்சை அகற்றி, அரத்தாளை நீரில் நனைத்து முதலில் 240 ஆம் இலக்கம், பின்னர் 400 ஆம் இலக்கம் எனத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து உலர்த்த வேண்டும். வெற்று உலோகத்தைக் காத்திருக்க விடாமல், அன்றைக்கே அலுமினியத்துக்கு ஏற்ற பிறைமரைப் பூசுதல் வேண்டும். அதன்மேல் வர்ணமும் லக்கரும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவதிலும் மெல்லியதாகப் பல தடவை பூசுவதே நிலைக்கும். கடைசல் செய்த முகப்பைத் தூரிகையால் சீர்செய்ய முடியாது. மீண்டும் கடைந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால், அதனைப் பல தடவை செய்வதற்கில்லை.

என் நண்பரொருவர் இத்தகைய வேலையை ஒரு கராஜிற் செய்வித்தார். சில்லுகள் புதியவை போல் வந்தன. ஆனால் ஒரு ரயரில் மட்டும் வாரந்தோறும் காற்றுக் குறைந்தது. வால்வை மாற்றினார், ரயரைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார். ஈற்றில் ரயரைக் கழற்றிப் பார்த்தபோது, சில்லின் உட்புற விளிம்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு! எப்போதோ குழியில் விழுந்ததால் உண்டான வெடிப்பின்மேல் அழகாக வர்ணம் பூசியிருந்தனர். அது முற்றாகப் பிளக்குமுன் கண்டது அவரது நற்பேறு. ஆகையால் பழைய பூச்சை அகற்றியபின், புதியதைப் பூசுமுன், முகப்பை மட்டுமன்றி உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். வெடித்த சில்லை ஒட்டுவேலை செய்து தருவோம் என்பார் உளர். வார்ப்புச் சில்லு அதன் வலிமையைக் கணக்கிட்ட வெப்பப் பதனத்தாற் பெறுகின்றது. ஒட்டும் சூடு அவ்வலிமையைக் குலைத்துவிடும். வெடித்ததைக் கழித்துவிடுதலே முறை. வர்ணத்தை உரிக்கச் சுடர் பிடிப்பதும் இக்காரணத்தால் கூடாது.

இன்னொன்று. வர்ணம் பூசும்போது நட்டு அமரும் குழிவுகளையும், சில்லு அச்சுத் தட்டோடு பொருந்தும் பின்முகத்தையும் ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். அங்கே தடித்த வர்ணமிருந்தால், ஓட ஓட அது நசுங்கி, இறுக்கிய நட்டுத் தளர்ந்துவிடும். சில்லை மாட்டியபின் நட்டுக்களை வரிசையாகவன்றி, ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குக. பல சிறிய யப்பானியக் கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் முறுக்குப் போதும். உங்கள் காருக்குரிய அளவு அதன் கைந்நூலில் இருக்கும். ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி, சில்லு ஆறியதும், அதே அளவுக்கு மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.