கம்பியில்லாத் தொடர்பில் நெரிசலும் முறையும்

டில்லியில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராசி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. பிழைப்பு நாடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்தன. வடிகால் குறுகி மழைநீர் தேங்குகிறது என்ற காரணத்தின்பேரில், டில்லி உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. 370 குடும்பங்களுள் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியான நரேலாவில் ஒதுக்கப்பட்டன.

கீழே வழி அடைபட்டால் மேலே நீர் உயரும். வடிகாலுக்குரிய இந்த நியதி, கண்ணுக்குப் புலனாகாத வானலைப் பாதைக்கும் பொருந்தும். கம்பியை வீட்டுக்கு ஒன்றாக இழுக்கலாம், அலைவரிசைகளோ சிலவே. நெருங்கிய குடியிருப்பில் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் அவற்றையே பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே அலைவரிசையில் அருகருகே இருவர் ஒருசேர அனுப்பினால், இருவர் செய்தியும் கெடும்.

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் நிறுவிய அலோஹா அமைப்பில், எவரும் நினைத்த நேரத்தில் அனுப்பலாம். மோதினால், சற்றுப் பொறுத்து மறுபடியும் அனுப்பலாம். எளிய ஏற்பாடுதான். ஆயினும் இவ்வகையில் அலைவழியின் ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்குக்கு மேல் பயன்படாது என்பது கணக்கு.

ஆகவே மூன்று வினாக்கள் எழுகின்றன. யார் எப்போது அனுப்புவது? செய்தி எவ்வழியே செல்வது? புதிதாக எவ்வளவு உள்ளே விடுவது? இவற்றுள் முதலிரண்டுக்கும் சேர்த்து, 1992-இல் டாசியுலாஸ், எஃப்ரெமிடிஸ் என்ற இரு அறிஞர்கள் ஒரு விதி வகுத்தனர். ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் காத்திருக்கும் செய்திகளை அண்டை நிலையத்தில் காத்திருப்பவற்றோடு ஒப்பிட வேண்டும். நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல், செய்தியும் தேக்கம் குறைந்த திசையிற் செல்லும். இதுவே பின்னழுத்த முறை.

ஒருசேர அனுப்ப இயலாத இரண்டு இணைப்புகளைக் கொள்வோம். ஒன்று அருகிலுள்ளது, ஒரு நொடியில் 4 செய்திகளைக் கடத்தும், அதன் இருமுனைத் தேக்க வேறுபாடு 5. மற்றொன்று தொலைவிலுள்ளது, நொடிக்கு ஒன்றே கடத்தும், வேறுபாடு 25. வேகத்தையும் வேறுபாட்டையும் பெருக்கினால், முதலாவதற்கு 20, இரண்டாவதற்கு 25. எனவே தொலைவிலிருப்பதற்கே முறை! வேகம் ஒன்றையே பார்த்திருந்தால் அதற்கு என்றுமே முறை வந்திராது. காத்திருப்பே அதற்கு வலிமையாயிற்று. எந்த ஏற்பாட்டாலும் தாங்கக்கூடிய சுமையை இவ்விதியும் தாங்கும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

மூன்றாம் வினாவுக்கும் விடை இதிலேயே உண்டு. தன் வாயிலில் தேக்கம் ஏறுவதைக் கண்ட நிலையம், புதுச் செய்திகளை நிதானித்து ஏற்க வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஆர். ஸ்ரீகாந்த் முதலியோர் பின்னாளில் இம்மூன்றையும் ஒரே கணக்காக இணைத்து ஆராய்ந்தனர்.

குறையும் உண்டு. சுமை குறைந்த வேளையில் செய்திகள் சுற்றி அலைந்து தாமதப்படும். அனைவர் தேக்கத்தையும் நொடிதோறும் அறிந்து சிறந்த சேர்க்கையைத் தேர்வதும் பெரும் வேலை. எனவே இம்முறையை நடைமுறைக்கேற்ப எளிதாக்கியே கையாள வேண்டியிருக்கிறது.

இவ்விதியின் நியாயம் ஒரு நிபந்தனைக்குட்பட்டது. காத்திருப்பவர் முதலில் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பதிவாகாத தேக்கத்தை எந்த விதியும் காண மாட்டாது. வானலைக்கு முறை வகுப்போரும், வடிகாலுக்கு வழி வகுப்போரும், முறையை எண்ணுமுன் வரிசையில் நிற்போர் அனைவரையும் எண்ணிவிட்டோமா என்று ஒருகணம் சிந்திப்பது நன்று.