உயர்த்திய ஜீப்பில் ஆளேற்றுமுன்

(தாழ்வுபாட்டில் சாரதிகளிடையே ஆற்றிய உரை)



எங்கள் முன்னோரில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். இன்று அதே கரையில் நாங்கள் பேச வந்திருப்பது வாகனத்தைப் பற்றி.

இங்கே மணலுக்காக ஜீப்பை உயர்த்துகிறீர்கள். தோட்டத்திலே கல்லுக்கும் கானுக்கும் உயர்த்துகிறார்கள். அதில் தப்பில்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஆளேற்றுவதுதான் ஆபத்து.

பழைய லாண்ட் ரோவரில் பட்டை ஸ்பிரிங்கே அச்சைப் பிடித்திருக்கும். 1983இல் வந்த வன் டென் வண்டியில் சுருள் ஸ்பிரிங். அச்சைப் பிடிப்பது கொன்ட்ரோல் ஆர்ம். வண்டியை உயர்த்தினால் ஆர்ம் கீழே சரியும், முன் அச்சு சற்றுத் திரும்பும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வேகத்தில் வண்டி அலையும். பிரேக் குழாயும் இழுபடும்.

அந்த உயரத்துக்கென்றே செய்த ஆர்ம் அல்லது புஷ் போடவேண்டும். பழைய ஆர்மை வெட்டி, கண்டபடி வெல்டிங் அடித்தால் ஒட்டின இடத்தருகே வெடிப்பு விடும். பிரேக் பிடிக்கையில் அச்சை இழுத்துப் பிடிப்பது அந்த ஆர்ம்தான். இறக்கத்தில் அது முறிந்தால் சாரதியால் ஒன்றும் செய்யமுடியாது.

வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. ஆனால், காயப்படாமல் வீடு திரும்புவதே எங்கள் கோரிக்கை.

ஆகவே கேட்கிறோம்: உயர்த்திய வண்டியைத் தகுந்த மெக்கானிக் பார்த்த பிறகே ஆளேற்றவேண்டும். செலவு நிர்வாகத்துடையது, சாரதியின் தலையில் கட்டக்கூடாது. ஆர்மில் வெல்டிங் கண்டு ஓட்டமறுக்கும் சாரதியின் பக்கம் சங்கம் நிற்கும்.