ஜெராக்ஸ் மெஷினும் ஒரு பேங்க் கிளார்க்கும்

(சிறுபத்திரிகைகள் குறித்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிறுபத்திரிகை பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு லண்டன்காரன் ஒருத்தன்தான் ஞாபகத்துக்கு வந்தான். மார்க் பெர்ரி. டெப்ட்ஃபோர்டு என்கிற தொழிலாளர் பகுதிப் பையன். 1976இல் அவனுக்கு வயசு 19, பேங்கில் கிளார்க். நானும் அதே பிழைப்பு என்பதால் ஒரு பாசம்.

அன்றைக்கு ராக் இசை கம்பெனிகளின் சரக்கு. பெரிய மைதானம், பெரிய மேடை, கிதாரில் வித்தை காட்டும் மேதைகள். வாய்பிளந்து பார்ப்பதுதான் ரசிகன் வேலை. இதைக் கலைத்துப் போட வந்தது பங்க் இசை. சின்னப் பாட்டு, வேகம், கத்தல். அதற்கென்று பத்திரிகை ஏதும் இருக்கா என்று ரெக்கார்டு கடையில் போய்க் கேட்டான். நீயே ஒண்ணு போடேன் என்றார்களாம். போட்டான்.

ஜூலை 1976. பெயர் 'ஸ்னிஃபின் குளூ', அதாவது பசையை முகர்வது. ரமோன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டிலிருந்து எடுத்த பெயர். பத்திரிகைக்குக் கலைமகள் என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கு.

குழந்தைகளுக்கான டைப்ரைட்டரில் அடித்தான். தலைப்புகளை ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கினான். காதலி வேலை பார்த்த ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் முதல் இதழ் ஐம்பது பிரதி. (மெஷினை ஓட்டவிட்ட அந்தப் பெண், நான் படித்த கட்டுரைகளில் 'காதலி' என்பதோடு சரி.) எழுத்துப் பிழை, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே போனது. நம்மில் ஒருத்தன் முதல் கவிதையைக் கொண்டுபோனால் முதலில் ஒற்றுப் பிழை பார்க்கிறார்கள். விஷயத்தை அப்புறம் பார்க்கிறார்கள், பார்த்தால். சேரி மொழியில் எழுதினால் அது கொச்சை. இலக்கணம் இங்கே வாசலில் நிற்கிற காவல்காரன். பெர்ரியின் பக்கத்தைப் பார்த்த பையனுக்குத் 'தூ, இது என்னாலும் முடியும்' என்று தோன்றியிருக்கும். பெர்ரியே அதைத்தான் எழுதினான்: என்னைப் படித்துவிட்டு உட்காராதே, நீயும் ஒண்ணு ஆரம்பி. ஆரம்பித்தார்கள். கிதாரில் விரல் வைக்கும் மூன்று இடங்களை வரைந்து, இவ்வளவுதான், போய்க் குழு ஆரம்பி என்று சொன்ன பிரபலமான படம் இருக்கிறதே, அதை இவன் கணக்கில் எழுதுகிறார்கள். அது 1977 தொடக்கத்தில் 'சைட்பர்ன்ஸ்' என்கிற வேறொரு ரசிகர் இதழில் வந்தது.

அதற்காகப் பங்க் என்றாலே புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று ஸ்வஸ்திகாவைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவர்கள் அதில் உண்டு. யார் பிணத்தின்மேல் ஏறி நின்று யாருக்குக் கொடுக்கிற அதிர்ச்சி? அதே 1976 ஆகஸ்டில், பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கினார். கறுப்பர்களின் ப்ளூஸ் இசையில் சோறு தின்றவர். பாப் மார்லியின் பாட்டைப் பாடி 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். பறையை மேடைக்கு எடுத்துக்கொண்டு பறையடிக்கிறவனைத் தெருவில் நிறுத்தும் ஊரில் இருக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

அதற்குப் பதிலாக எழுந்ததுதான் 'நிறவெறிக்கு எதிராக ராக்' இயக்கம். வெட்டி ஒட்டிய பக்கங்களோடு 'டெம்பரரி ஹோர்டிங்' என்று தனக்கொரு பத்திரிகை வைத்திருந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று பல்லாயிரம் பேர் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்கு நடந்தார்கள். அங்கே கிளாஷும், பர்மிங்காம் கறுப்புப் பையன்களின் ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸும் வாசித்தார்கள். பங்கில் எனக்குப் பிடித்த பக்கம் இது.

கிளாஷ் 1977 ஜனவரியில் சி.பி.எஸ். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது, பங்க் அன்றைக்கே செத்தது என்றான் பெர்ரி. அதே ஆண்டு, ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த தன் பத்திரிகையையும் பன்னிரண்டாவது இதழோடு மூடினான். தன் குழுவின் மெல்லிய இசைத்தட்டு ஒன்றை அதோடு இலவசமாகக் கொடுத்தான். பெரிய வீரம் என்கிறார்கள். எனக்கு அதில் அரை மனசுதான். விற்கும்போதே நிறுத்துவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கு. நம்ம பத்திரிகைகள் பலதும் நின்றது பேப்பர் வாங்கக் காசில்லாமல்.

பேசினது போதும். கேள்வி இருந்தா கேளுங்க.