அன்னக்கூடைத் தண்ணீரில் எல்லோர் கையும்



சாதி ஒழிப்பு மேடையில் பால்வாடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இருக்கட்டும். கோயில் நுழைவைப் பேசுகிறோம், பொதுச் சுடுகாட்டைப் பேசுகிறோம், தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைப் பேசுகிறோம். எல்லாம் பெரியவர்கள் புழங்குகிற இடங்கள். எந்தத் தெருவுக்குள் போகலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதை ஒரு பிள்ளை எந்த வயதில் கற்றுக்கொள்கிறது? ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே பல பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய மூன்று வருடம் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்திருந்தது என்பது நம்முடைய கேள்விதான்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம், நூல் மில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஊர்களில் ஒன்று. அங்கே ஓர் அங்கன்வாடி மையத்தில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பிள்ளைகள் வந்ததும் செருப்பை வரிசையாக விடுகிறார்கள். வட்டமாக நின்று கைகோத்துப் பாடுகிறார்கள். தமிழ்நாடு அரசின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பெயர், நல்ல பெயர். பிறகு விளையாட்டு, கதை, கை கழுவுதல், சாப்பாடு, தூக்கம்.

வாசலுக்கு உள்ளே ஒரு மர அலமாரி. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை டீச்சர் அதில் வாங்கி வைத்துவிடுகிறார். சாயங்காலம் போகும்போதுதான் கையில் கொடுக்கிறார். உள்ளே எல்லோருக்கும் மையத்தின் குடம், மையத்தின் எவர்சில்வர் டம்ளர். ஏன் என்று கேட்டேன். "பாட்டில் சுகாதாரத்துக்காகவும் வரும் சார், வேற எதுக்காகவும் வரும். எது எதுக்காக வருதுன்னு நான் விசாரிக்கிறதில்லை. எல்லாத்தையும் வாங்கி வச்சிருவேன்" என்றார். டீக்கடையில் தனி டம்ளர் என்றால் வழக்குப் போடலாம். தோளில் தொங்குகிற பாட்டில் மீது எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? டீச்சரின் அலமாரிதான் அங்கே சட்டம்.

பத்தரை மணிக்கு அந்த அம்மா ஓர் அன்னக்கூடை நிறையத் தண்ணீரை நடுவில் வைத்தார். சுற்றிலும் பிள்ளைகள். தேங்காய், புளியங்கொட்டை, கூழாங்கல், காய்ந்த இலை, வெங்காயம், ஓர் இரும்பு ஆணி. ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் கேள்வி: மிதக்குமா, மூழ்குமா? தேங்காய் முங்கிரும் என்று எல்லோரும் கத்தினார்கள், பெரிசாக இருக்கிறதே. போட்டால் மிதக்கிறது. புளியங்கொட்டை மிதக்கும் என்றார்கள். அது நேராக அடிக்குப் போய்விட்டது. ஒரு சிறுமிக்கு நம்பிக்கை வரவில்லை. கையை முழங்கை வரை விட்டுப் புளியங்கொட்டையை எடுத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி எடுத்தாள். நான்கு தடவை. டீச்சர் தடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த கல்லூரிகள் சிலவற்றில் இவ்வளவு பொறுமை கிடையாது.

அடுத்து காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. நம் ஊர் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும். அந்தப் பூட்டு ஒன்று அங்கே பாடப்பொருள். இரும்புப் பூட்டைக் காந்தம் இழுக்கிறது, பித்தளைச் சாவியைத் தொட்டும் பார்க்க மாட்டேன் என்கிறது. பூட்டுப் பட்டறைக்குப் போகிற தாத்தா ஒருவரின் பேரன், "அது பித்தளை டீச்சர்" என்று பெரிய மனிதன் மாதிரி விளக்கம் கொடுத்தான். அவன் வீட்டுத் தொழில் அவனுக்கு அறிவாக வந்து நின்ற நேரம் அது. மற்றப் பிள்ளைகள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று முட்டை நாள். அவித்த முட்டையை வெறும் தண்ணீரில் போட்டால் மூழ்கியது. கல்லுப்பை நிறையப் போட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கலக்கினார்கள். முட்டை மேலே வந்தது. கலக்கும் முறை வந்தபோது ஒரு பையன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனுக்கு முன்னால் கலக்கியவள் காலனியிலிருந்து வருகிறவள். "அப்பத்தா வையும்" என்றான். நான்கு வயது. டீச்சர் வாதம் எதுவும் செய்யவில்லை. "சரி, நீ முட்டையைப் பிடி. கரெக்டா நடுவுல விடணும், உன்னாலதான் முடியும்" என்றார். விட்டான். முட்டை எழும்பியது. அதைத் தொட்டு அழுத்திப் பார்க்கக் கைகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. அவன் கையும்தான்.

அப்பத்தா அவனை வைதாரா இல்லையா, நான் பார்க்கவில்லை.

1927 மார்ச் 20இல் மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் என்பது நமக்குத் தாகம் பற்றிய விஷயமாக மட்டும் இருந்ததில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பில் 1976இல் எழுதிவைத்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1975 அக்டோபர் 2இல்தான் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 'அங்கன்' என்றால் முற்றம். 1945இல் மராட்டியத்தின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் முன்பருவப் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் வந்து சேராத இடங்களுக்குப் பள்ளியே போய் அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்தது. அதனால்தான் யாருடைய முற்றம் என்ற கேள்வி இன்றும் முக்கியம். சேரிக்குள் மையம் இருந்தால் ஊர்ப் பிள்ளை வருவதில்லை, நர்சரி வேன் வந்து அழைத்துப் போகிறது. ஊருக்குள் இருந்தால் நம் பிள்ளை தயங்கித் தயங்கிப் போகிறது. சமையலிலும் இதே கதைதான். 2018இல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் மறித்தார்கள். இடமாற்றம் செய்யப்பட்ட அவர் எதிர்ப்புக்குப் பிறகே அதே பள்ளிக்குத் திரும்பினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற தோழர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கன்வாடிக்குப் போகிறார்கள்? அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் நாம் வேனுக்குப் பணம் கட்டுகிறோம். கொஞ்சம் வசதி வந்ததும் நாமும் விலகினால், அந்த அன்னக்கூடையைச் சுற்றி மிஞ்சுவது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். ஒரே சாதிப் பிள்ளைகள் மட்டும் கைவிடுகிற தண்ணீரில் தேங்காய் மிதக்கத்தான் செய்யும். ஆனால் பாதிப் பாடம் நடக்காது.

கிராம சபை கூடுகிறபோது சாலை, தெருவிளக்கு கேட்பதோடு இதையும் கேளுங்கள்: புதிய அங்கன்வாடிக் கட்டடம் எந்த இடத்தில் வருகிறது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறதா, உதவியாளர் இடம் எத்தனை மாதமாகக் காலியாகக் கிடக்கிறது? பிறகு ஒரு நாள் காலை பத்தரைக்கு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு காந்தமோ நான்கு புளியங்கொட்டையோ கொண்டுபோனால் டீச்சருக்கு உதவியாக இருக்கும். அந்த அம்மா கல்லுப்பைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்கியிருந்தார்.