குண்டு வைத்தவனுக்கும் நீதிமன்றமா?



வேறு நாட்டிலிருந்து வந்து ஒருவன் குண்டு வைக்கிறான். "அவனுக்கு எதற்குக் கோர்ட்டும் வக்கீலும்? பட்டாளத்திடம் விட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பிடிபட்டவர் எல்லாரும் குற்றவாளிகளா?

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அருகில் இருந்த பலரும் மாண்டார்கள். 26 பேர் மீது வழக்கு நடந்தது. அவர்களில் இந்தியரும் உண்டு, இலங்கையரும் உண்டு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999 மே மாதம் தீர்ப்பு வந்தது. நான்கு பேருக்குத் தூக்கு. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேர் மீது கொலைச் சதி நிரூபணம் ஆகவில்லை. சிறு குற்றங்களுக்கு அவர்கள் சிறையில் இருந்த காலமே போதும் என்றது நீதிமன்றம். அந்த நால்வரின் தூக்கும் பின்னாளில் ஆயுளாகக் குறைந்தது. மேல்முறையீடு இல்லாவிட்டால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த அஜ்மல் கசாப் பிடிபட்டான். நீதிமன்றமே அவனுக்கு வக்கீல் வைத்தது. 2010-ல் தூக்குத் தண்டனை விதித்தது. 2012-ல் அது நிறைவேறியது. அவனுக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட இந்தியர் இருவர் மீது போதிய சாட்சியம் இல்லை. அந்த வழக்கில் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

முறத்தில் புடைத்தால்தானே நெல்லும் பதரும் பிரியும்?

ராணுவ மன்றம் என்றால் சீக்கிரம் முடியுமா? அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் வழக்கு ராணுவ மன்றத்துக்குப் போனது. 2024 கழிந்தும் அது முடியவில்லை.

இந்திய அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது. அதில் 'குடிமகன்' என்று இல்லை. 'நபர்' என்றே இருக்கிறது. அந்தச் சொல்லில் வெளிநாட்டவரும் அடங்குவார். மூணாறு தோட்டத் தொழிலாளியும், சித்தூர் வயலில் கூலி வேலை செய்பவரும் அடங்குவார்கள்.

நாளை ஒரு பொய்ப் புகாரில் உங்கள் மகனைப் பிடித்துப் போனால்? 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். கையில் காசு இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். செய்தவன் அவன்தானா என்பதை முதலில் நீதிமன்றம் விசாரிக்கட்டும்.