கட்டியவர் ஒருத்தர், பேர் ஒருத்தருக்கு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்னிக்கு ஒரு அயர்லாந்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லப் போறேன். பேர் எய்லீன் கிரே. 1878-ல் பிறந்தவர். வசதியான குடும்பம்தான். லண்டனில் ஓவியம் படித்துவிட்டு, பிறகு பாரிஸ் நகரத்திலேயே தங்கிவிட்டார்.

அங்கே சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் ஒரு மெருகு வேலை கற்றார். ஒருவகை மரத்தின் பாலை எடுத்துப் பலகைமேல் பூசணும், காயவிடணும், தேய்க்கணும், திரும்பப் பூசணும். இப்படி இருபது தடவைக்கு மேல். அந்தப் பால் பட்டு கையெல்லாம் புண்ணாகிவிட்டது. அப்பவும் விடவில்லை. மொராக்கோ போய் கம்பளி நெசவும் சாயம் போடுவதும் கற்று, ஒரு தோழியோடு சேர்ந்து பாரிஸில் தறி போட்டார்.

1922-ல் சொந்தமாகக் கடை திறந்தார். கடைக்கு என்ன பேர் வைத்தார் தெரியுமா? ‘ழான் தெசேர்’. ழான் என்பது அந்த ஊரில் ஆம்பளைப் பேர்! பொம்பளை பேரில் கடை இருந்தால் வாங்க வருவாங்களா என்ற காலம் அது.

வீடு கட்டும் படிப்பு எதுவும் அவர் படிக்கவில்லை. ஆனாலும் 48 வயதில் பிரான்ஸின் தென்கடற்கரையில் வீடு கட்ட ஆரம்பித்தார். வண்டி போகாத இடம். சாமான்களைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோகணும். 1929-ல் முடிந்தது. வீட்டின் பேர் ஈ-1027. தன் பேரையும் நண்பர் பதோவிச்சி பேரையும் எழுத்தும் எண்ணுமாக மறைத்து வைத்த பேர்.

அந்த வீட்டுச் சமையலறையைக் கேளுங்க. அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்கள் குளிர்காலத்தில் உள்ளேயும் கோடையில் வெளியேயும் சமைப்பதைக் கவனித்திருக்கிறார். அதனால் மடக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தார். திறந்தால் வெளிச் சமையல், மூடினால் உள் சமையல். அடுப்படியில் நின்று பார்த்தவருக்குத்தானே இது தோணும்?

இரும்புக் குழாயில் ஒரு வட்ட மேசையும் செய்தார், மேலே கண்ணாடி. கால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், தட்டு மடிக்கு மேலே வரும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அவர் அக்கா வந்தால் படுக்கையில் உட்கார்ந்தே காலைப் பலகாரம் சாப்பிடுவாராம். மெத்தையில் தூள் சிந்தக் கூடாதே!

ஆனால் இடம் பதோவிச்சி பேரில் இருந்தது. நட்பு முறிந்ததும் எய்லீன்தான் வெளியேறினார். 1938, 39-ல் லெ கொர்புசியே அங்கே வந்து, சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்துவிட்டார். நம்ம சண்டிகர் நகரத்துக்குப் பின்னாளில் திட்டம் போட்டவரேதான். கட்டிய அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருக்குக் கடைசிவரை ஆறாத கோபம். இதில் அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். பிறகு பல வருஷம், வீட்டையே லெ கொர்புசியே கட்டியதாகச் சிலர் எழுதினார்கள்.

1968-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்ப அவருக்கு 90 வயது. லண்டன் கடை ஒன்று அவர் சம்மதத்தோடு அந்த மேசையைச் செய்து விற்க ஆரம்பித்தது. 1976-ல், 98 வயதில் காலமானார். அவர் செய்த ஒரு நாற்காலி 2009-ல் ஏலத்தில் சுமார் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது.

வீட்டை மராமத்து பார்த்து இப்ப பொதுமக்களுக்குத் திறந்திருக்காங்க, எய்லீன் கிரே பேரோடு. சுவர் ஓவியங்களை அழிக்கவில்லை. அவரும் பெரிய கலைஞராச்சே! பார்க்கப் போறவங்க ரெண்டையும் பார்த்துட்டுத்தான் வர்றாங்க.