காத்திருப்போர் வரிசையும் கணினியும்

நம் நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பொழுது புலருமுன்னரே வரிசை தொடங்கிவிடுகின்றது. நிற்போர் அனைவருக்கும் நிபுணரின் உதவி தேவைப்படுவதில்லை; எனினும், யாருக்குத் தேவை என்பதை அறிந்துகொள்வதற்கே எல்லோரும் காத்திருக்க நேர்கின்றது. இவ்வாறு பிரித்தறியும் பணியைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நீரிழிவு நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கக்கூடியது. தொடக்கத்தில் வலியும் இராது, பார்வையும் மங்காது. ஆகவே, குறையேதும் தோன்றாதவரும் கண்களை ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். இத்தனை கோடிக் கண்களையும் பார்ப்பதற்கு நம்மிடையே உள்ள நிபுணர்கள் போதுவரோ?

இந்நிலையில், கூகிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இந்திய மருத்துவர்களுடன் கூடி, 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்தனர். பின்னர், தான் முன்பு காணாத படங்களிலும் அது நோயை மிகத் திருத்தமாகக் கண்டறிந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இம்முயற்சியில் பங்குகொண்டன என்பது நமக்குப் பெருமை தருவதே.

ஆயினும், ஆய்வுக்கூடம் வேறு. நோயாளிகள் நிறைந்த மருத்துவ நிலையம் வேறு. தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்தனர். அங்கே படங்களை நிபுணருக்கு அனுப்பி முடிவு பெறப் பத்து வாரங்கள் வரை ஆவதுண்டு. கணினியோ பத்து நிமிடங்களுக்குள் விடை கூற வல்லது. ஆனால், 2020ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையின்படி, ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட படங்கள் தெளிவற்றவை எனக் கணினி தள்ளிவிட்டது. தக்க இருட்டறை இல்லாமையே இதற்கு ஒரு முக்கிய காரணம். இணையத்தின் வேகக் குறைவும் தாமதத்தை விளைவித்தது. படம் தள்ளப்பட்டோர் மற்றொரு நாள் வேறோர் இடத்தில் நிபுணரைக் காணும்படி ஆயிற்று. ஒரு வரிசை மற்றொரு வரிசையாக மாறியதே கண்ட பலன்!

இதிலிருந்து நாம் அறிவது யாது? கணினி, நோயற்றவரை விரைவில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆபத்தில் உள்ளவரை முன்னே நிறுத்தலாம். சிகிச்சை அளித்துக் கண்ணைக் காப்பவர் மருத்துவரே. எனவே, நல்ல புகைப்படக் கருவி, இருட்டறை, பயின்ற செவிலியர், சிகிச்சைக்குரிய மருத்துவர் ஆகிய நான்கையும் கணினியோடு சேர்த்தே நாம் கோருதல் வேண்டும். அப்பொழுதுதான் வரிசை மெய்யாகவே குறையும்.